கெட்டுவள்ளத்தில் ஒரு ராத்திரி

ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுத்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: 'சூப்பர்!' என்ன சூப்பர் என்று கேட்டால், கரிமீன் பொள்ளிச்சது என்கிறார்கள். அதற்கு மேல் துருவினால் கொஞ்சம் முழிக்கிறார்கள். நானும் போய்விட்டு வந்து முழித்த ஆசாமிதான். அதனால் சினிமாவுக்கு எழுதுகிற மாதிரி இதற்கும் ஒரு விமர்சனம் எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதல் பாதி, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை. குறையே சொல்ல முடியாது. வேம்பநாட்டுக் காயல் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், வரப்புக்கு அந்தப் பக்கம் வயல். வயல் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கிறது! கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற குட்டநாடு இது. பார்க்கிற எவருக்கும் ஒரு நிமிஷம் வாய் அடைத்துப்போகும்.

இடைவேளை. ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டிவிடுகிறார்கள். ராத்திரி காயல் மீனவர்களுக்கு. வலை போட்டிருப்பார்கள், படகு ஓட்டக் கூடாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 'ஏரியில் ஓர் இரவு' என்று காசு வாங்கும்போது இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நீங்கள் தூங்கப்போவது ஏரியில் அல்ல, கரையோரம் கட்டிப்போட்ட ஒரு லாட்ஜில். பக்கத்தில் வரிசையாக இன்னும் பத்து லாட்ஜ். ஒன்பது மணிக்கு ஏ.சி. போட ஜெனரேட்டர் முடுக்குகிறார்கள். தவளைச் சத்தம் கேட்கலாம் என்று போன நான் டீசல் சத்தமும், அடுத்த படகில் நம்மூர்க் கோஷ்டி போட்ட குத்துப்பாட்டும் கேட்டேன்.

இரண்டாம் பாதி இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். விஷயம் வேறே.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே சமையல்காரரிடம் சும்மா கேட்டேன்: "சேட்டா, இந்தத் தண்ணியெல்லாம் எங்கே போகுது?" பாத்ரூமைத்தான் சொன்னேன். "டேங்க் உண்டு சாரே" என்றார். "டேங்க் எங்கே காலி பண்ணுவீங்க?" அவர் சிரித்தார். பதில் வரவில்லை. அப்புறம் தானாகவே எதிர்க்கரையைக் காட்டி, "என் வீடு அவிடெ. குடிக்கிற வெள்ளம் வள்ளத்துல வரும்" என்றார். சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் படகில் வருகிறது. குட்டநாட்டின் பல மூலைகளில் இதுதான் நிலைமை.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் இருக்க தண்ணீர்முக்கத்தில் 1970களில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கினால் கோடையில்தான் தூக்குவார்கள். அந்த மாதங்களில் தெற்குப் பக்கத்துக் காயல் தேங்கி நிற்கிறது. உப்பு வந்தால் சாகிற ஆகாயத்தாமரை, உப்பு வராததால் கொழுக்கிறது. டூரிஸ்ட் சீசனும் அதே மாதங்கள்தான்! தண்ணீர் ஓடாத நேரம் பார்த்து நாம் கூட்டமாகப் போய் இறங்குகிறோம். 2002ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த ஏரி இது.

கெட்டுவள்ளம் ஒன்றும் உல்லாசப் படகாகப் பிறந்ததல்ல. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டித் தைத்த நெல் படகு. ரோடும் லாரியும் வந்து அதன் பிழைப்பு போனது. 1990களில் கூரையும் கட்டிலும் போட்டு அதைப் பிழைக்கவைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது.

ஆனால் அந்தப் படகு சுமந்த நெல்லுக்கு ஒரு கதை உண்டு. காயலின் அடியில் முங்கிச் சேற்றை வாரி வந்து வரப்புக் கட்டியவர்கள் புலையர் போன்ற கூலி ஜனங்கள். சக்கரம் மிதித்துத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். நிலம் அவர்கள் பேரில் இல்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1948ல் எழுதிய 'ரண்டிடங்ஙழி' இவர்களைப் பற்றிய நாவல். ஆமாம், 'செம்மீன்' எழுதிய அதே தகழி. இடங்ஙழி என்றால் நெல் அளக்கிற படி. பேக்கேஜில் வெல்கம் ட்ரிங்க் உண்டு, மாலை டீயோடு பழம்பொரி உண்டு; இந்தக் கதை சொல்ல ஆள் கிடையாது.

அதனால்தான் கரையில் பாத்திரம் கழுவுகிற பெண்மணியை நாம் 'சீனரி' என்று நினைத்து போட்டோ எடுக்கிறோம். அது அவர் வீட்டுக் கொல்லைப்புறம் சார்! நம் வீட்டுக் கொல்லையில் நாள் பூரா யாராவது கேமராவோடு போய்க்கொண்டிருந்தால் சும்மா விடுவோமா?

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கட்டுவீர்கள்? கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்த படகைப் பாருங்கள். பத்து பேர் கேட்டால் முதலாளிக்கு உறைக்கும்.

ராத்திரி தங்கியே ஆகவேண்டும் என்றில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசாங்க போட் போகிறது. பஸ் டிக்கெட் மாதிரி சொற்பக் காசு, இரண்டரை மணி நேரம், அதே காயல். பக்கத்து சீட்டில் ஸ்கூல் பையனும் மீன்கூடைக்காரம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். வைக்கத்தில் 2017லிருந்து சூரிய சக்தியில் ஓடும் படகே இருக்கிறது, டீசல் சத்தமில்லாமல். நம் பெரியார் போராடி ஜெயிலுக்குப் போன அதே வைக்கம்.

மார்க்? காயலுக்கு நூற்றுக்கு நூறு. கரிமீனுக்குத் தொண்ணூறு. படகுக்கு மட்டும் இன்னும் போடவில்லை. சமையல்காரரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.