மஞ்சள் அட்டை கேசட்

இந்த ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது மூன்று பாட்டுகளைத் தாண்டிப் போனேன். ஆறாவது, எட்டாவது, பதினான்காவது. மூன்றும் ரெகே. ஒரே நிமிடத்தில் ஆளைத் தூக்கி அடிக்கிற ஹார்ட்கோர் பங்க் கேட்கலாம் என்று வந்தவனுக்கு, நடுவில் எதுக்குடா இந்தத் தாலாட்டு என்று எரிச்சல். பங்க் என்றால் கோபம், கோபம் என்றால் வேகம் என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு. மொத்தமே 35 நிமிடம்கூட வராத ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்காமலேயே அதைப் பற்றி நண்பர்களிடம் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பேட் பிரெயின்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது. பெயரும் பேட் பிரெயின்ஸ்தான். 1982 பிப்ரவரியில் வெளியானபோது இசைத்தட்டாக வரவில்லை, கேசட்டாக மட்டும்தான் வந்தது. வெளியிட்டது கேசட்டுகளை மட்டுமே வெளியிட்டுவந்த ஆர்ஓஐஆர் என்ற நியூயார்க் நிறுவனம். மஞ்சள் அட்டையில், வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்தின் குவிமாடத்தை ஒரு மின்னல் பிளக்கிறது. மஞ்சளோடு பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் ரஸ்தஃபாரி நிறங்கள். அட்டையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான்தான் பார்க்கவில்லை.

கேசட் என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், கேசட்டில் பாட்டைத் தாண்டுவது அவ்வளவு சுலபமில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து, நாடா சுற்றி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்த பாட்டின் நடுவில் போய் விழ வேண்டும். அந்த வயசுப் பிள்ளைகள் அதற்குச் சும்மா கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆக, அவர்கள் கேட்ட ஆல்பமும் நான் போனில் கேட்ட ஆல்பமும் வேறு வேறு. 'பேன்ட் இன் டி.சி.' முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் 'ஜா காலிங்' வருகிறது. வார்த்தையே கிடையாது, வெறும் வாத்தியம். பேஸ் கிடார் ஒரு அடி வைத்து, யோசித்து, அடுத்த அடி வைக்கிறது. கொஞ்சம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த அதே நாலு பேர்தான் இப்போது நடக்கிறார்கள். திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது அந்த வேகம் வேறு மாதிரி கேட்கிறது. நிற்கவும் தெரிந்தவர்கள் விரும்பி ஓடுகிற வேகம் அது.

இந்த இடத்தில்தான் இவர்கள் மற்ற ஹார்ட்கோர் குழுக்களிலிருந்து பிரிகிறார்கள். மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறு என்பது பங்க் சொன்ன நல்ல விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் அந்த வழியாக வந்தவர்கள் இல்லை. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் புறநகரின் கறுப்பின இளைஞர்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் எச்.ஆர்., அவர் தம்பி ஏர்ல் ஹட்சன் டிரம்ஸ், டாக்டர் நோ கிடார், டாரில் ஜெனிஃபர் பேஸ். சிக்கலான தாளங்களில் கை பழகிய பிறகுதான் பங்க்கைக் கையில் எடுத்தார்கள். அதனால்தான் 'பே டு கம்' ஒன்றரை நிமிடத்துக்குள் அப்படி ஓடியும் எங்கேயும் சிதறுவதில்லை. 'பேன்ட் இன் டி.சி.' நடுவில் சட்டென்று தாளம் இறங்கி, கிடார் தனியாகப் பேசிவிட்டு, நால்வரும் ஒரே அடியில் மறுபடி பாய்கிற இடத்தை நான் எத்தனை முறை திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள் நிறைந்திருந்த ஒரு காட்சியில் இப்படி வாசித்தார்கள். ஊரில் கிளப்புகள் இவர்களைக் கூப்பிடத் தயங்கிய கதையைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது. பின்னால் மைனர் த்ரெட் ஆரம்பித்த இயன் மெக்கேயும் பிளாக் ஃபிளாகில் சேர்ந்த ஹென்றி ரோலின்ஸும் இவர்கள் மேடையைப் பார்த்து வளர்ந்த வாஷிங்டன் பையன்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் சிக்கிய விஷயம். 'ஆட்டிட்யூட்' பாட்டில் வருகிற பி.எம்.ஏ., அதாவது நேர்மறை மனப்பான்மை, நெப்போலியன் ஹில் என்ற சுயமுன்னேற்ற எழுத்தாளரிடமிருந்து வந்தது. அவருடைய 1937ஆம் வருடப் புத்தகம் பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்லித்தருவது. தமிழிலும் கிடைக்கிறது, புத்தகக் கண்காட்சியில் அந்த ஸ்டாலைப் பார்த்தாலே நம்மில் பாதிப் பேர் நடையைக் கூட்டுவோம். பங்க்கும் சுயமுன்னேற்றமுமா? எச்.ஆர். அந்தப் புத்தகத்தைப் படித்து அதிலிருந்து ஒரே ஒரு கருத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார். பணத்தை அங்கேயே விட்டுவிட்டார். உன்னை வேண்டாம் என்கிற ஊரில் உன் மனதை நீயே காவல் காப்பது என்ற அர்த்தத்தில் அதைப் பாடுகிறார். வார்த்தை திடமாக நிற்கிறது. குரலோ கீச்சிட்டு, உடைந்து, எகிறி, கையை விட்டுப் போகிற மாதிரி ஆடுகிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்று நடுங்குகிற குரலில் ஒருத்தன் சொன்னால் அவன் சொல்வதை நம்புவதா, நடுக்கத்தை நம்புவதா? இந்த ஆல்பம் இரண்டையும் நம்பச் சொல்கிறது. கோபத்தை மட்டும் பாடிய ஆல்பங்கள் எனக்கு இருபது வயதோடு முடிந்துவிட்டன. இது முடியாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது. அதே 1982இல் டெக்சஸின் ஆஸ்டினுக்குப் போனபோது, பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதால் இவர்கள் நடந்துகொண்ட விதம் அசிங்கமானது. எம்.டி.சி. குழு அதை வெளிப்படையாகவே எதிர்த்தது. ஒரு நாள் சறுக்கல் என்றும் தள்ள முடியாது. 1989இல் வந்த 'குவிக்னெஸ்' ஆல்பத்திலும் அந்த வெறுப்பு ஒரு முழுப் பாட்டாகவே இருக்கிறது. அவர்களை நிமிர்த்திய அதே நம்பிக்கையிலிருந்துதான் இதுவும் வந்தது. மதத்தை வேறாகவும் இசையை வேறாகவும் வெட்டி எடுத்துத் தப்பிக்க எனக்கு வழியில்லை, ஏனென்றால் ரெகே இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை என்று இவ்வளவு நேரம் நான்தானே வாதாடினேன்.

பின்னாட்களில் டாரில் ஜெனிஃபர் அந்தப் பார்வையிலிருந்து விலகிப் பேசியிருக்கிறார். எச்.ஆர். மனநோயோடு நெடுங்காலம் போராடியதை அவரைப் பற்றிய ஆவணப்படம் காட்டுகிறது. முதலாவது கொஞ்சம் ஆறுதல். இரண்டாவதை நான் சாக்காகப் பயன்படுத்த மாட்டேன், அது நோயாளிகளுக்கும் அநியாயம். என் தன்பாலின நண்பன் ஒருவனிடம் இந்த ஆல்பத்தை நான்தான் முதலில் கொடுத்தேன், ஆஸ்டின் விஷயம் தெரியாமல். தெரிந்த பிறகு போய்ச் சொன்னேன். "எனக்கு முன்னாடியே தெரியும்டா, 'ரைட் பிரிகேட்' மட்டும் இன்னும் கேட்கிறேன்" என்றான். ஏன் அது மட்டும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தப் பாட்டின் கனத்த, மெதுவான தொடக்கம் வரும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று. அடுத்த ஆல்பம் 'ராக் ஃபார் லைட்', 1983, தயாரிப்பு தி கார்ஸ் குழுவின் ரிக் ஓகாசெக். இதில் உள்ள பல பாட்டுகள் அதிலும் உண்டு, பதிவு சுத்தமாக இருக்கும். அதனாலேயே பலர் அங்கே ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். நியூயார்க்கில் 171-ஏ என்ற சின்ன இடத்தில் பதிவான இந்தக் கேசட்டில் டிரம்ஸும் கிடாரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கும், குரல் எங்கிருந்தோ வரும், நாலு பேரும் ஒரே அறையில் வியர்த்துக்கொண்டிருப்பது கேட்கும். அதை முதலில் கேளுங்கள், வரிசை மாற்றாமல். கடைசிப் பாட்டின் பெயர் 'இன்ட்ரோ'. அச்சுப் பிழை இல்லை, முன்னுரையை அவர்கள் கடைசியில்தான் வைத்திருக்கிறார்கள்.