நிமிடம் கொடுங்கள், கார்டுகள் வருவார்கள்

1989-90 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் அணியில் ஒரு கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோகும் வெளிவட்ட ஆட்டக்காரர், ஆட்டத்துக்குச் சராசரியாக 12.6 நிமிடமே களத்தில் நின்றார், எடுத்தது 7.6 புள்ளி. 1991-92ல் நியூ ஜெர்சி நெட்ஸ் அணியில் அதே ஆள் ஆட்டத்துக்கு 37 நிமிடம் ஆடினார், எடுத்தது 20.6 புள்ளி. வகுத்துப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்கு அவர் சேர்த்த புள்ளி இரண்டு அணியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். திறமை முதலிலேயே இருந்தது. நிமிடம்தான் பிந்தி வந்தது.

அவர் டிராஜென் பெட்ரோவிச். குரோஷியா கண்ட மிகச் சிறந்த கூடைப்பந்து கார்டு. 1993 ஜூன் 7 அன்று ஜெர்மனியில் நடந்த சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 28. அவரைப் பற்றி கொட்டாரத்திலிருந்து இப்போது எழுதக் காரணம் உண்டு. குரோஷியாவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 39 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தில் மட்டும் 18.7 லட்சம் பேர். அதாவது நம்மைப்போல் இரண்டு மாவட்டம் சேர்ந்தால் ஒரு குரோஷியா. ஆனால் அந்த நாடு 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது. இறுதி ஆட்டத்தில் ஜோர்டான், மேஜிக் ஜான்சன் ஆடிய அமெரிக்க அணியிடம் 85-117 என்று தோற்றாலும், பெட்ரோவிச் 24 புள்ளி எடுத்தார்.

படிக்கட்டு இருந்த ஊர்

பெட்ரோவிச் பிறந்த ஷிபெனிக் ஒரு சின்னத் துறைமுக ஊர். அந்த ஊர் கிளப்பான ஷிபென்காவின் முதல் அணியில் அவர் இடம்பிடித்தது 15 வயதில். 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டும் அந்த கிளப் ஐரோப்பாவின் கோராச் கோப்பை இறுதிவரை போனது. அடுத்து ஸாக்ரெபின் சிபோனா, அங்கே 1985, 1986ல் ஐரோப்பியக் கோப்பை. பிறகு ரியல் மாட்ரிட், அதன்பின் என்.பி.ஏ. ஊர் கிளப்பிலிருந்து உலகின் உச்சிவரை ஒவ்வொரு படியும் அவர் ஏறுவதற்கு முன்பே கட்டப்பட்டிருந்தது.

பெட்ரோவிச் என்றதும் எல்லோரும் சொல்வது 1985ல் ஒரே ஆட்டத்தில் அவர் எடுத்த 112 புள்ளியை. எதிரே நின்றது லுப்லியானா அணியின் இளம் பையன்கள். அந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோடக் கூடாது. 1989ல் ஏதென்சில் இத்தாலியின் கசெர்தா அணிக்கு எதிரான கோப்பை இறுதியைப் பாருங்கள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், ரியல் மாட்ரிட் 117-113 என்று வென்றது. அதில் பெட்ரோவிச் மட்டும் 62. அவரை அளக்க இதுதான் சரியான ஆட்டம்.

அவருடைய ஆட்டத்தின் நுட்பம் காலில் இருந்தது. தடுப்பவரை மறிக்க சக வீரர் போடும் ஸ்கிரீனை உரசிக்கொண்டு ஓடி வருவார். பந்து கைக்கு வரும்போது இரண்டு பாதமும் கூடையைப் பார்த்து நின்றிருக்கும்; பிடித்த பின் நிலை சரிசெய்ய ஒரு நொடிகூட வேண்டாம். தடுப்பவர் கையைத் தூக்குவதற்குள் பந்து போய்விடும். என்.பி.ஏ. வாழ்க்கை முழுவதும் சேர்த்து மூன்று புள்ளி வீச்சில் அவர் வெற்றி விகிதம் 43.7 சதவீதம். பயிற்சியில் பழகிய பாதத்தை, முகத்துக்கு முன்னே ஆள் நிற்கும்போதும் பிசகாமல் வைக்க, ஆயிரக்கணக்கான ஆட்ட நிமிடங்கள் வேண்டும். அது அவருக்கு 15 வயதிலிருந்தே கிடைத்தது.

நம் பக்கத்துக் கார்டு

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் வைத்துப் பேச வேண்டியவர் அனிதா பால்துரை. சென்னைக்காரர். 19 வயதில் இந்திய மகளிர் அணியின் கேப்டன். அந்தப் பொறுப்பில் எட்டு ஆண்டு. 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்களில் ஆடிய முதல் இந்தியப் பெண். தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் 30 பதக்கம். 2009ல் அந்த ஆசியத் தொடர் சென்னையிலேயே நடந்தது. தாயான பிறகு திரும்பி வந்து, 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை டிவிஷன் பி தொடரில் ஆடினார். இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று டிவிஷன் ஏ-வுக்கு ஏறியது. அப்போது அணியின் பயிற்சியாளர் சோரன் விசிச், செர்பியாக்காரர். பெட்ரோவிச்சை வளர்த்த பழைய யூகோஸ்லாவியாவின் மண்ணிலிருந்து வந்தவர். அனிதாவுக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவ்வளவு பெரிய வாழ்க்கைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒன்பது ஆசியத் தொடர். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு ஆட்டம் என்று தாராளமாகப் போட்டாலும் எழுபது சொச்சம்தான் வரும். ஆசியாவின் மேல்மட்ட அணிகளோடு அவர் பதினாறு ஆண்டில் மோதியது அவ்வளவே. பெட்ரோவிச் 1991-92 என்ற ஒரே பருவத்தில் ஆடியது 82 ஆட்டம். அனிதா ரயில்வேக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடினார், ஆசிய விளையாட்டுப் போட்டி போன்ற வேறு தொடர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் சரிசம பலமுள்ள அணியோடு மோதும் மகளிர் லீக் என்று ஒன்று அவருடைய காலம் முழுவதும் இந்தியாவில் நிலைக்கவில்லை. தெற்கு ரயில்வேயில் வேலை, ஆண்டில் சில தொடர், இடையில் கேம்ப். நம் நாட்டில் கார்டின் வாழ்க்கை இதுதான். அதற்குள் நின்று அவர் சாதித்ததுதான் அவருடைய பெருமை. அவரோடு ஒரே காலத்தில் ஆடிய கேரளத்து சென்டர் கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியக் கிளப்பில் ஆடிவிட்டு 2011ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுவரை போய்வந்தார். அதற்கு மேல் இந்தியப் பெண்கள் யாரும் போகவில்லை.

உயரம் என்ற சாக்கு

"நம்ம பிள்ளையளுக்கு உயரம் இல்லைல்லா" என்று இங்கே பலர் சொல்வதுண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜப்பான் மகளிர் அணியின் பாயிண்ட் கார்டு ருய் மச்சிதாவின் உயரம் 162 சென்டிமீட்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் அந்த உயரத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பார்க்கலாம். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் 18 அசிஸ்ட் கொடுத்தார். ஒலிம்பிக் சாதனை அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. மச்சிதா ஆடிய புஜிட்சு அணி ஒரு கம்பெனி அணி. நம் ரயில்வே, வங்கி அணிகளைப்போல்தான் ஜப்பானிலும் நிறுவனங்கள் பெண்களுக்கு அணி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அணிகள் மாதக்கணக்கில் நீளும் ஒரு லீக்கில் ஆடுகின்றன. நம் அணிகள் ஒரு வாரத் தொடரில் ஆடிவிட்டு ஊர் திரும்புகின்றன. 2017ல் ஏறிய நாம் 2021ல் மறுபடி டிவிஷன் பி-க்கு இறங்கினோம். மேல்தளத்தில் எதிரே நின்ற ஜப்பான், கொரியக் கார்டுகள் லீக்கில் உரம்பெற்று வந்தவர்கள்.

கார்டுக்கு மட்டும் ஏன் இந்த நிமிடக் கணக்கு? உயரமான சென்டரைத் தேடிப் பிடித்துவிடலாம். கார்டை ஆட்டத்தில்தான் உருவாக்க முடியும். பந்தை எட்டு நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 24 நொடிக்குள் வீச்சு போக வேண்டும். நம் பள்ளி ஆட்டங்களில் அடிக்கடி நடப்பதைப் பாருங்கள். எதிரணியில் இரண்டு பேர் பாதிக் கோட்டருகே நெருக்கியதும் பையன் டிரிப்பிளை நிறுத்திப் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறான். அந்த நொடியில் ஆட்டம் செத்துவிடுகிறது. பின்காலை ஒரு அடி இழுத்து, பந்தைத் தாழ்த்தி, இருவருக்கும் நடுவே வெளிவர வேண்டும் என்று பி.டி. சார் பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பார். அவனுக்கும் தெரியும். ஆனால் நெருக்கடியில் அதைச் செய்து பார்க்க ஆண்டில் எத்தனை ஆட்டம் கிடைத்தது? மண்டல அளவில் முதல் சுற்றில் தோற்றால் ஒன்றே ஒன்று. நாற்றங்காலில் எவ்வளவு பச்சையாக நின்றாலும், பறித்து வயலில் நட்டால்தானே கதிர் வரும்?

என்ன செய்யலாம்

ஆண்கள் பக்கம் கொஞ்சம் அசைவு இருக்கிறது. 2022ல் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு ஆண்கள் வென்றார்கள். தமிழ்நாட்டுக் கார்டு முயின் பெக் ஹஃபீஸ் இந்திய அணியின் முன்னணி வீரர். பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் அகில இந்தியத் தொடர்கள் பல்லாண்டாக நடக்கின்றன. இரவு ஆட்டம் பார்க்க ஊரே திரள்கிறது. 2022ல் ஐ.என்.பி.எல். என்ற லீக்கும் தொடங்கியது. ரசிகர் இருக்கிறார்கள், ஆடுபவர் இருக்கிறார்கள். நிலையான லீக், முக்கியமாக மகளிருக்கு, இன்னும் இல்லை.

நம் மாவட்டத்தில் கடற்கரை ஊர்களில் கால்பந்து வேரூன்றியது, உட்பகுதி ஊர்களில் வாலிபால். இரண்டும் யாரும் மேலிருந்து திட்டம் போட்டு வந்தவை அல்ல. ஊருக்கு ஊர் அணி இருந்தது, ஞாயிறுக்கு ஞாயிறு ஆட்டம் இருந்தது, அதனால் வளர்ந்தன. கூடைப்பந்துக்கும் அதே வழிதான். நாகர்கோவில் கல்லூரிகளும், கொட்டாரம், அகஸ்தீஸ்வரம், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஒரு மாவட்ட லீக் நடத்த முடியும். தோற்ற அணி வெளியேறும் முறை வேண்டாம். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதட்டும். பத்து அணி வந்தால் ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டம். பெண்களுக்கும் அதே எண்ணிக்கையில் தனி லீக் வேண்டும். செலவு நடுவர் படி, பஸ் காசு, ஒரு பந்து, அவ்வளவுதான்.

மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் இது என் வேண்டுகோள்: இந்த ஆண்டு இன்னொரு பரிசுக் கோப்பைத் தொடரை அறிவிக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு லீக்கைத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு நிமிடம் கொடுங்கள்.