முன்னே பாடிச் சென்றவர்

மறைந்தவரை நினைந்து வருந்திப் பாடும் பாடலைத் தமிழ் மரபு கையறுநிலை என்கிறது. வழி அறியாதவனை வழி அறிந்தவன் நெறிப்படுத்தும் பாடலை ஆற்றுப்படை என்கிறது. இரண்டும் தனித்தனித் துறைகள். இரண்டிற்கும் சங்க காலந்தொட்டே இலக்கியம் உண்டு. ஆயின், வழிகாட்டியாய் இருந்தவரே மறைந்துவிட்டால், அவர் பின்னே நடந்தவர்கள் இவ்விரண்டில் எதைப் பாடுவது? அழுது நின்றால் வழி தூர்ந்து போகும். உடனே நடக்கத் தொடங்கினால், அவர் மறைந்தது ஒரு பொருட்டே அல்ல என்றாகிவிடும். வழிகாட்டிகளைப் பற்றி எழுதுவோர் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. நம் நினைவு மலர்களும் வரலாற்றுச் சிறுநூல்களும் பெரும்பாலும் இதனைத் தட்டிக் கழிக்கின்றன. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி மலையின் படிகளோ இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களுக்கு ஈடாக அமைந்தவை என்பர். ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் இப்படிகளில் திருப்புகழ்ப் படிவிழா நடைபெறுகிறது. பசனைக் குழுவினர் படிக்கொரு பாடலாக அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடிக்கொண்டு ஏறுகின்றனர். இதனைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917ஆம் ஆண்டின் இறுதி நாளில் இது தொடங்கியது என்பது அவர் வழிவந்தோர் கூறும் செய்தி. அக்காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டன்று அலுவலர்கள் பழத்தட்டுகளுடன் வெள்ளைத் துரைமார்களின் வாயிலில் காத்து நிற்பது வழக்கம். துரைமாருக்குச் செய்யும் அந்த வணக்கத்தை மலைமேல் இருக்கும் துரைக்கே செய்வோம் என்று மக்களைத் திருப்பியவர் அவர். அடிமை நாட்டில் ஒரு விடுமுறை நாளின் பொருளையே மாற்றிய செயல் அது. ஆயினும் அதில் கூச்சல் இல்லை. பாட்டும் படியேற்றமும் மட்டுமே இருந்தன.

சுவாமிகள் 1870இல் கொங்கு நாட்டில் பிறந்தவர். இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் பணி செய்தவர். துறவு பூண்டபின் திருவண்ணாமலையில் ரமணரிடம் சென்று தங்கினார். ஒரு நாள் ரமணர் அவரைக் கீழே போகும்படி சொன்னார் என்றும், மலையடிவாரத்தில் எதிர்ப்பட்ட சேஷாத்திரி சுவாமிகள், "உனக்குத் திருப்புகழே மந்திரம்" என்று உணர்த்தி வள்ளிமலைக்கு அனுப்பினார் என்றும் அடியார்கள் கூறுவர். எண்ணிப் பார்த்தால் இது வியப்பான வரலாறு. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரை மலையேற்றியவர் பெற்ற முதற்கட்டளை, மலையினின்று இறங்கிப் போ என்பது.

அவர் கையில் கிடைத்த திருப்புகழும் பிறர் உழைப்பின் பயனே. ஏட்டுச்சுவடிகளில் சிதறிக் கிடந்த பாடல்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் மாவட்ட முன்சீபாக இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை. திருத்தணி முருகனிடம் ஈடுபாடு மிக்கவர். 1909இல் அவர் மறைந்தபின், தணிகைமணி என்று பெயர்பெற்ற அவருடைய மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியை 1972 வரை, தம் இறுதிநாள் மட்டும், தொடர்ந்தார். தேடியவர் ஒருவர், உரை கண்டவர் ஒருவர், தெருவிற்கும் மலைக்கும் கொண்டுசென்றவர் ஒருவர். மூவரும் சேர்ந்தே திருப்புகழை நம் காலத்துப் பாடலாக ஆக்கினர்.

சுவாமிகள் 1950 நவம்பரில் மறைந்தார். அடுத்த டிசம்பர் 31 வந்தபோது, அவரை இழந்த துயரத்திற்கு இரண்டு திங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. முதற்படியில் நின்று முதற்பாடலை எடுத்துக் கொடுக்க அவர் இல்லை.

அவரைப் பற்றி நம் கைக்கு எட்டும் சிறு வரலாறுகள் இவ்விடத்தில்தான் நமக்கு ஏமாற்றம் அளிக்கின்றன. மைசூர், பழனி, திருவண்ணாமலை, வள்ளிமலை என்று அவர் சென்ற இடங்களைச் சொல்கின்றன. அவர் பெற்ற அருளைச் சொல்கின்றன. நிகழ்ந்த அற்புதங்களை விரிவாகவே சொல்கின்றன. அவரை இழந்தோரைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. "சமாதியடைந்தார்" என்ற ஒரு சொல்லோடு நூல் முடிந்துவிடுகிறது. அச்சொல் தவறன்று, அடியார்களின் நம்பிக்கை அது. ஆனால் அது மறைந்தவரைப் பற்றிய சொல். எஞ்சியிருப்போரின் தொண்டையில் பாட்டு எவ்வாறு அடைத்தது, எவ்வாறு மீண்டும் எழுந்தது என்பதைச் சொல்லும் சொல் அன்று. வழிகாட்டியைத் தெய்வமாக்கிய வேகத்தில், அவரோடு நடந்த மனிதர்கள் ஏட்டிலிருந்து விழுந்துவிடுகின்றனர்.

கபிலர் வருந்திய முறை

இக்குறையைத் தெளிவாகக் காண, மலை இழந்தோர் பாடிய பழைய பாடல்களைப் பார்க்க வேண்டும். பறம்பு மலைத் தலைவன் பாரி மூவேந்தரால் மடிந்தபின் கபிலர் பாடியவை புறநானூற்றில் கையறுநிலைப் பாடல்களாக உள்ளன. பாரியின் மகளிர் பாடியதாக உள்ள சிறு பாடலும் அவ்வரிசையைச் சார்ந்ததே.

இப்பாடல்களில் பாரியின் புகழைக் காட்டிலும் பறம்பின் பொருள்கள் மிகுதி என்பது கருதத்தக்கது. ஒரு பாடலில் கபிலர் ஒரு சிறிய குளத்தைக் காட்டுகிறார். பாறைகளுக்கும் குன்றுகளுக்கும் இடையே, எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய குளம். காப்பார் இன்மையால் அது உடைந்துபோகிறது. வேறொரு பாடலில் தினையும் வரகும் அவரையும் விளைந்த நிலம் வருகிறது. மகளிரோ, சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைத்துத் தந்தையையும் குன்றையும் சேர்த்தே எண்ணுகின்றனர். பாரி மாபெரும் வள்ளல் என்று கபிலர் உரத்துக் கூவவில்லை. கரை உடைந்த குளத்தைக் காட்டினால் போதும், கரையைக் காத்தவன் எத்தகையவன் என்பது நமக்கே விளங்கிவிடும்.

நம் நினைவு மலர்கள் கற்க வேண்டிய முதற்பாடம் இது. மறைந்தவரை அடைமொழிகளால் உயர்த்துவது எளிது. அவர் இல்லாமையால் எந்தக் குளத்தின் கரை உடைந்தது என்று சொல்வது கடினம். அதைச் சொல்ல அவரோடு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும், உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் கபிலரோடு நாம் நின்றுவிடவும் இயலாது. பாரி மகளிருக்கு வழி தேடியபின் அவர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. நண்பனுக்கு அது மாண்பு. வழிகாட்டியின் பின்னே வந்த கூட்டத்திற்கு அது வழியாகாது.

எட்டு வேற்றுமைகளில் ஒரு குரு

வேறொரு வழியைக் காட்டும் எடுத்துக்காட்டு திருத்தணியிலேயே உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகி என்னும் குருவுடன் காசி சென்று அவருக்குத் தொண்டு செய்து வாழ்ந்தார். குரு காசியிலேயே மறைய, சீடர் தெற்கே திரும்பினார். பின்னர்த் திருத்தணி மலைக்கு வந்து வழிபட்டிருந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டார் என்றும், உடனே அவருடைய முதற்கிருதி பிறந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யின் ஆசிரியர் சுப்பராம தீட்சிதர் அம்மரபில் வந்தவரே.

கற்கண்டைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். அதற்கு முன் நிகழ்ந்த மறைவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குருவை இழந்த ஒருவர் மலையேறி முதன்முதலாகப் பாடியது எதைப் பற்றி? குருவைப் பற்றி. அதுவும் மாயாமாளவகௌளை இராகத்தில். இசை பயிலும் குழந்தைக்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படும் இராகம் அது. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் அக்கிருதி முதல் வேற்றுமையில் அமைந்தது. அதைத் தொடர்ந்து மற்ற ஏழு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொரு கிருதி அமைந்தது. முருகனுக்கும் குருவுக்கும் ஒருங்கே பொருந்தும் 'குருகுஹ' என்பதே வாழ்நாள் முழுதும் அவருடைய முத்திரையாயிற்று.

இவை இரங்கற்பாக்கள் அல்ல. ஆயினும் இவற்றின் வரிசையில் துயரத்திற்கு ஒரு பாடம் இருக்கிறது. குரு முதலில் எழுவாயாகிறார். பின்னர்க் குருவை, குருவால், குருவுக்கு, குருவினின்று, குருவினது, குருவின்கண் என்று உறவுகள் ஒவ்வொன்றாய் விரிகின்றன. விளி எட்டாவதாக, இறுதியில் வருகிறது. இலக்கணம் வகுத்த வரிசைதான் அது, புலவர் படைத்ததன்று. ஆனால் ஒப்பாரி விளியில் தொடங்கி விளியிலேயே முடிந்துவிடுவதை நினைத்துப் பாருங்கள். "எங்கே போனாய்?" என்று அழைத்துக்கொண்டே இருப்போர், அவர் எனக்கு யாராய் இருந்தார், அவரால் எனக்கு எது ஆயிற்று, அவரிடமிருந்து எதைப் பெற்றேன் என்று கேட்க மறந்துவிடுகின்றனர். எல்லா உறவையும் கணக்கெடுத்தபின் எழும் அழைப்பில்தான் கனம் இருக்கிறது.

நிற்பதும் நடப்பதும்

வழிகாட்டியை இழந்தால் தொடர்ந்து ஏறுவதே எப்பொழுதும் சரியான அஞ்சலி என்று கொள்ளலாகாது. 2014 ஏப்ரல் 18ஆம் நாள் எவரெஸ்டின் கும்பு பனியாற்றில் பனிச்சரிவில் சிக்கி, பிறர் ஏறுவதற்குப் பாதை சமைத்துச் சுமை தூக்கிச் சென்ற 16 நேபாளிகள் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் செர்ப்பா இனத்தவர். இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்த உதவி நாற்பதாயிரம் நேபாள ரூபாய். எஞ்சிய செர்ப்பாக்கள் அவ்வாண்டு மலையேற மறுத்தனர். அங்கே நின்றதே துயரத்தின் மொழியாயிற்று. பிறர் உயிரின் விலையில் உச்சி தொடுவோரைப் பார்த்து, எங்கள் உயிருக்கும் விலை உண்டு என்று சொன்ன மொழி அது. அங்கே உடனே ஏறியிருந்தால் அது மறதியாகியிருக்கும்.

விவிலியம் இவ்விரண்டையும் ஒருங்கே வைக்கிறது. நெபோ மலையில் மோசே இறந்தபின் மக்கள் மோவாபுச் சமவெளியில் முப்பது நாள் துக்கம் காத்தனர் என்று இணைச்சட்டம் கூறுகிறது. அவருடைய கல்லறை எங்குள்ளது என்று எவருக்கும் தெரியாது. அழுவதற்கு நாள் உண்டு. அந்நாளுக்கு எல்லையும் உண்டு. அதன்பின் யோசுவாவின் பின்னே அவர்கள் நடக்க வேண்டியிருந்தது. கல்லறை தெரியாமற்போனதால், வழிகாட்டியை வணங்கி அங்கேயே தங்கிவிடும் வாய்ப்பும் இல்லாமற்போயிற்று.

படிகள் எழுதிய நூல்

இனித் திருத்தணிக்குத் திரும்புவோம். சுவாமிகள் மறைந்தபின்னும் படிவிழா தொடர்ந்தது. மூன்றாண்டுகளில் அரசியல் எல்லையும் மாறியது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அதனோடு சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. இடைப்பட்ட ஏழு ஆண்டிறுதிகளில், சென்னையிலிருந்து திருப்புகழ் பாடி ஏற வந்தவர்கள் வேற்று மாநிலத்து மலையில் ஏற வந்தவர்களே. இருந்தும் மலை மாறவில்லை, பாடலும் மாறவில்லை.

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் காட்டும் குன்றுதோறாடலைத் திருத்தணியோடு பொருத்திச் சொல்வது மரபு. பிற ஆற்றுப்படைகளில் பரிசு பெற்று வந்தவன், வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வழி சொல்கிறான். பெற்றவன் சொல்ல வேண்டும் என்பதே அத்துறையின் அறம். சுவாமிகளை இழந்தவர்களும் பெற்றவர்களே. ஆகவே அவர்கள் செய்யவேண்டியிருந்தது பின்னே வருவோனுக்கு வழி சொல்வதே. படிவிழா அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பாடலுக்காக நிற்க வேண்டும். பாடி முடித்து அடுத்த படிக்கு நகர வேண்டும். நிற்பதும் நடப்பதும் அங்கே ஒரே செயலின் இரு பாதிகள். கையறுநிலையும் ஆற்றுப்படையும் ஒன்றையொன்று விலக்காமல் கூடும் இடம் அது. அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் செய்யாததை அவர் பின்னே வந்தவர்களின் கால்கள் செய்துவிட்டன என்றே நான் மதிப்பிடுகிறேன்.

எனினும் இந்நூலும் அழியக்கூடியதே. மலையுச்சி வரை வண்டி செல்லும் சாலை இன்று உண்டு. புத்தாண்டு இரவில் கூட்டம் பெருகப் பெருக, படியில் நின்று ஒரு பாடலை முழுதும் பாடுவதைவிட விரைந்து மேலே போய்ச் சேர்வதே நோக்கமாகிவிடலாம். அப்போது விழா இருக்கும், வழிகாட்டியின் படமும் மாலையோடு இருக்கும், அவர் கற்பித்த நடை இராது.

ஆகவே, அவரைப் பற்றி இனி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். அற்புதங்களை எழுதுங்கள், தடையில்லை. அவற்றோடு, மூச்சிரைத்த முதியவருக்காகக் கூட்டம் எந்தப் படியில் காத்து நின்றது, பாடல் மறந்தவருக்கு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தவர் யார், எழுத்தறியாத பெண்கள் எத்தனை பாடல்களைச் செவிவழியே கற்றனர் என்பனவற்றையும் கேட்டு எழுதுங்கள். அவரிடம் நேரில் கற்றோர் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்களிடம் கற்றோர் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்பது நம் கடன்.