59 என்றால் யார்?

லினக்ஸின் தணிக்கைப் பதிவைத் திறந்தால் வரிக்கு வரி எண்கள். ஏதோ ஒரு நிரல் கர்னலிடம் ஏதோ கேட்டிருக்கிறது. பதிவில் 59 என்று நிற்கும். தணிக்கைத் தொகுப்போடு வரும் ஆசிஸ்கால் என்ற சின்னக் கருவியிடம் அந்த எண்ணைக் கொடுத்தால், 'எக்ஸெக்வீ' என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதாவது, புதிதாக ஒரு நிரலை ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் எண். அவ்வளவுதான் அதன் வேலை.

இதன் அருமை, செயலி மாறும்போதுதான் தெரியும். எக்ஸெக்வீ 64 பிட் இன்டெல்லில் 59, 32 பிட்டில் 11, 64 பிட் ஆர்மில் 221. அந்த 11-ஐயே 64 பிட் இன்டெல்லில் கேட்டுப்பாருங்கள்: 'மன்மேப்', நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பரம சாது! 64 பிட்டுக்கு மட்டும் தணிக்கை விதி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவரின் கணினியில், 32 பிட் நிரல் ஒன்று சத்தமில்லாமல் கடந்து போகலாம்.

ஆசிஸ்காலிடம் 'ஓப்பன்' என்று கேட்டால் பெயரில் அது வருகிற அத்தனையையும் கொட்டும். கறாராக ஒன்றுதான் வேண்டுமென்றால் 'எக்ஸாக்ட்' தெரிவு இருக்கிறது. ஆனால் கொட்டுவதே எனக்குப் பிடிக்கும்; கோப்பைத் திறக்க இத்தனை கதவுகளா என்று அப்போதுதான் உறைக்கிறது. 64 பிட் ஆர்மில் பழைய ஓப்பனே கிடையாது, ஓப்பன்அட்டைத்தான் கண்காணிக்க வேண்டும்.