முதியோர் இல்லமும் சட்டத்தின் சொல்லும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் நிறைவேறியது. வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடமுள்ள இல்லத்தை, மாவட்டத்துக்கு ஒன்றேனும் மாநில அரசு அமைக்கலாம் என்பது அதன் 19ஆம் பிரிவு. 'அமைக்கலாம்' என்னும் சொல் கூர்ந்து நோக்கற்பாலது. அது அதிகாரம் தருகிறதேயன்றிக் கடமை விதிக்கவில்லை. வேங்கிக்காலிலுள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வரும் ஆதரவற்ற மூதாட்டி, இல்லத்தில் இடத்தை உரிமையாகக் கோர இச்சொல் துணைநில்லாது.

குறை இதனோடு முடியவில்லை. இல்லங்களுக்குரிய பணிகளாக அப்பிரிவு மருத்துவத்தையும் பொழுதுபோக்கையும் குறிப்பிடுகிறது. உணவு, உறக்கம், சிகிச்சை பற்றி அங்கு வாழ்வோரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று கூறவில்லை. நலவாழ்வு மாத்திரையால் மட்டும் அமைவதன்று. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையும் அதற்கு வேண்டும்.

ஈண்டு 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் ஒப்புநோக்கத்தக்கது. சட்டம் மூத்த குடிமக்களுக்கு வகுத்த 60 வயதே, விதவைகளைப் பதிவுசெய்ய அங்கும் எல்லையாகும். ஆனால் அவ்விதவைகள் உதவி பெறுவோர் மட்டுமல்லர். ஜெபம் அவர்தம் பணியாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்துமஸ் நாளில் போர்வை வழங்கித் திரும்பும் சபை, இல்லத்திலுள்ளோரிடம் ஒரு பணியையேனும் ஒப்படைத்ததுண்டா? அடுத்த முறை செல்லும் போதகர், சபையின் ஜெபக் குறிப்புகளை அவர்கள் கையில் கொடுத்து வருவாராக.