திரையின் அளவும் எழுத்தின் அளவும்: மட்டக்களப்புத் தட்டச்சு நிலையங்களை முன்வைத்துச் சில கருத்துகள்

மென்பொருளின் இடைமுகம் திறனாய்வுக்குரிய பொருளாகுமா என்ற வினா வாசகர் சிலரிடத்து எழுதல் கூடும். ஓர் ஆக்கத்தின் உருவத்தை உள்ளடக்கத்தினின்றும், அவ்விரண்டையும் அவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குதல் ஆகாது என்பது எமது நிலைப்பாடு. இன்று தமிழ் நூலொன்று உருப்பெறுவது கணினித் திரையிலே. அத்திரையில் எமது எழுத்துக்கு எவ்வளவு இடம் வழங்கப்படுகின்றது, அதனை அளந்த கோல் யாருடையது என்பனவும் அந்நோக்கில் வைத்து ஆராயப்பட வேண்டியனவே.

மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை எழுவான்கரை நெடுகிலும், மக்கள் வழக்கில் ‘கொமியூனிகேசன்’ எனப்படும் சிறு நிலையங்கள் உள்ளன. மரண அறிவித்தல், கோயிற் சடங்கின் துண்டுப்பிரசுரம், கவிதைத் தொகுதி ஆகியன ஒரே மேசையிலே தட்டச்சாகின்றன. வாவியைக் கடந்து படுவான்கரையிலிருந்து வரும் ஆசிரியரும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவரும் தத்தம் கையெழுத்துப் பிரதிகளை இத்தகைய இடங்களிலேயே ஒப்படைக்கின்றனர். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாகிய அந்நிறுவனத்தின் தமிழ் ஆய்வேடுகள் பற்றி நிறையப் பேசுகின்றோம். அவற்றைத் தட்டச்சுச் செய்தோரின் கண்களைப் பற்றிப் பேசியதில்லை.

தமிழ்த் தட்டச்சிலே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியவை இரண்டு: பாமினி என்ற எழுத்துருவும், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும். பின்னதன் இறுதிப் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. பாமினியில் அடித்த கோப்பு உண்மையிலே ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளையே கொண்டது. தமிழ் என்பது அவற்றின் மேற் போர்த்திய ஆடை மாத்திரமே. எனவே பழைய கோப்பு பழைய எழுத்துருவையும், பழைய எழுத்துரு பழைய மென்பொருளையும் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. “புதியதற்கு மாறிவிடலாமே” என்று கூறுவோர் இச்சங்கிலியை அறியாதார் எனலாம். இருபது ஆண்டுக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியவற்றை மெய்ப்புப் பார்த்து முடிக்கும் உழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார்?

இவ்வாறான நிலையமொன்றுக்குள் புதிய மடிக்கணினி ஒன்று வரும்போது நேர்வது யாது? பழைய மென்பொருள்கள் யாவும் ஓர் அங்குலத்தில் 96 புள்ளிகள் என்ற கணக்கிலேயே எழுதப்பட்டவை. 1984இல் வெளிவந்த மக்கின்டொஷ் கணினி 72 புள்ளிகள் எனக் கொண்டதை, விண்டோஸ் 96 எனக் கொண்டது. 13.3 அங்குலத் திரையில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 புள்ளிகளைச் செறித்தால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 331 புள்ளிகள் அமையும். பதினாறு புள்ளிப் பக்கமுடைய சிறுபடமொன்று முன்னைய திரையில் நாலு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக இருந்தது. இங்கு ஒன்றேகால் மில்லிமீற்றராகி விடுகின்றது. கடுகளவு எனல் மிகையன்று.

இதற்குப் பரிகாரமாக 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்ராவிலே ஓர் உத்தி கையாளப்பட்டது. பழைய மென்பொருளிடம் திரை இன்னமும் 96 புள்ளிகளையே உடையது என்று இயங்குதளம் பொய் கூறும். அம்மென்பொருள் வரைந்து தருவதைப் படமாகக் கொண்டு இழுத்துப் பெருப்பிக்கும். பொய்யின் விலை மங்கல். மறுபுறம், புதிய செறிவைத் தாம் அறிவோம் என்று அறிவித்துவிட்டுச் சிறுபடங்களைப் பழைய புள்ளிக் கணக்கிலேயே வைத்திருக்கும் மென்பொருள்களும் உள; அவற்றிலே பட்டியல்கள் சிறுத்துவிடும். திரைக்குத் திரை வேறுபடும் செறிவை 2013இல் விண்டோஸ் 8.1 கருத்திற்கொண்டது. பழைய மென்பொருள்களின் எழுத்தைப் படமாக இழுக்காமற் புதிதாகவே வரையும் வழி 2017இல் விண்டோஸ் 10இலே வந்தது. அதுவும் எல்லா மென்பொருளுக்கும் பொருந்துவதன்று. லினக்ஸ் முதலிய கட்டற்ற தளங்களும் ஒன்றரை மடங்கு போன்ற பின்ன அளவுகளிலே நெடுங்காலம் இடர்ப்பட்டன. அவற்றை ஆர்வத்தோடு பரிந்துரைக்கும் நண்பர்கள் இதனை மறைத்தல் நேர்மையன்று.

இதுவரை கூறியது ஆங்கிலத்துக்கும் பொதுவானதே. தமிழுக்கு வரும் இழப்பு வேறு தரத்தது. விண்டோஸின் வழக்கமான இடைமுக எழுத்து ஒன்பது புள்ளி அளவினது. பழைய திரையில் அது பன்னிரண்டு திரைப்புள்ளி உயரம். அவ்வுயரத்துக்குள் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘ழு’வின் வளைவும் அடங்க வேண்டும். னகரத்தையும் ணகரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. கடலைக் ‘கடல’ ஆக்காது காப்பது ஒரு புள்ளி. மங்கிய திரையில் முதலில் அழிவன இவையே.

ஏட்டுச்சுவடி படித்தோர் இந்நிலையை நன்கறிவர். ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். சொல்லறிவு கொண்டே படித்தல் வேண்டும். மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் பதிப்பித்த எப்.எக்ஸ்.சி. நடராசா போன்றோர் அவ்வுழைப்பை மேற்கொண்டமையாலேயே அத்தகைய நூல்கள் அச்சிலே புள்ளி பெற்றன. அச்சு பெற்றுத் தந்த புள்ளியைப் பெருப்பித்த படம் மீண்டும் பறிக்கின்றது. வேறுபாடு ஒன்றுண்டு: ஓலையைப் படித்தவர் பண்டிதர், மங்கிய திரையைப் படிப்பவர் பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் தட்டச்சாளர். அவர் விட்ட புள்ளியை ஆய்வேட்டிற் கண்டு “தமிழறியாப் பிள்ளை” என்று கடிந்துகொள்பவர் நாமே.

அளவுகோல் பற்றிய வினாவுக்கு வருவோம். விண்டோஸின் உரையாடற் பெட்டிகளை அமைப்பதற்கெனத் தனி அலகு உண்டு. அதன் கிடை அலகு, எழுத்தொன்றின் சராசரி அகலத்திற் காற்பங்கு. எந்த எழுத்தின் சராசரி? மைக்ரோசொப்ட்டின் ஆவணம் இதற்கு ஒளிவின்றி விடை தருகின்றது: ஆங்கில நெடுங்கணக்கின் சிறிய, பெரிய எழுத்துகள் ஐம்பத்திரண்டின் சராசரி. ஆகவே தமிழ்ச் சொல் குடியேறும் அறை ஆங்கிலச் சொல்லின் உடலளவுக்குத் தைக்கப்பட்ட சட்டையாகும். ‘கான்சல்’ என்பதற்கு அமைந்த பொத்தானில் ‘இரத்துச்செய்’ அடங்காது. ஆங்கிலமே இயல்பு, ஏனையவை விலக்கு என்ற எண்ணம் இங்கு எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு வகுத்தற் கணக்காக நிலைபெற்றுவிட்டது. கருத்தியல் என்பது இவ்வாறும் இயங்கவல்லது.

தமிழ்க் கலைச்சொற்கள் நீண்டவை, குற்றம் அவற்றினதே என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அன்று தொட்டு எமது உழைப்பு எச்சொல் பொருந்தும் என்பதிலேயே சென்றது. அச்சொல் நிற்கும் இடத்தை எவரும் அளந்து பார்த்ததில்லை. கணினியைத் தமிழாக்கிய குழுக்களும் சொற்பட்டியலைத் திருத்தினவேயன்றிப் பெட்டியைத் திருத்தும்படி உரத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் ஜெர்மன் மொழியின் நெடுஞ்சொற்களுக்காகப் பெட்டிகளை அகலிக்கும் வழக்கம் மென்பொருள் துறையில் உண்டு. சந்தை உள்ள மொழிக்குப் பெட்டி நீளும்.

செறிந்த திரையினால் ஆங்கிலத்தைக் காட்டிலும் மிகுதியாக நன்மை பெறத்தக்கது தமிழே என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. முந்நூறு புள்ளிச் செறிவில் ணகரத்தின் மூன்று சுழிகளும் தனித்தனியே துலங்கும். பன்னிரண்டு புள்ளிக்குள்ளும் ஆங்கில எழுத்து ஒருவாறு பிழைத்திருந்தது, தமிழ் நெருங்கித் தவித்தது. அந்நன்மையைத் துய்ப்போர் புதிய மென்பொருளுக்கு விலை கொடுக்கக்கூடியவர் மாத்திரமே. பார்வை தளர்ந்த மெய்ப்புநர் ஒருவர், 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை இருமடங்காகப் பெருப்பிப்பாராயின், அவருக்கு எஞ்சுவது 960க்கு 540 புள்ளிகள் கொண்ட வெளியே. உயர்ந்த பெட்டிகளின் அடியிலுள்ள பொத்தான்கள் திரைக்குக் கீழே மறைந்துபோம். பெட்டியை மூடவும் வழியின்றிக் கணினியையே நிறுத்தியோரை நாம் கண்டிருக்கின்றோம்.

நிலையங்களிலே இதற்குக் கண்டுபிடித்துள்ள தீர்வு எளிமையானது. மடிக்கணினியை வாங்கியதும் திரையின் செறிவை 1366க்கு 768 எனக் குறைத்து வைத்துவிடுகின்றனர். எழுத்து சற்றுக் கரடுமுரடாக இருப்பினும் பட்டியல்கள் கைக்கெட்டும் பருமனுக்கு வந்துவிடும். பயன்படாத புள்ளிகளுக்கும் விலை செலுத்தியாயிற்று; தவணைப் பணம் மாதந்தோறும் கழிகின்றது.