நடுநிலையின் விலையை யார் கொடுப்பது?

அமெரிக்க வகுப்பறைகளில் அடிமை முறையையும் இனவெறியையும் எப்படிச் சொல்லித்தருவது என்ற சண்டை மூண்டதிலிருந்து, பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு புகழுரை தயாராக இருக்கிறது: எந்தப் பக்கமும் சாயாத நெறியாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹிரோஷிமாவில் குண்டு போட்டது தேவைதானா என்று பேசும்போது பிள்ளைகள் இரு தரப்பு வாதங்களையும் படிக்கத்தான் வேண்டும். ஆசிரியர் தம் கட்சியை வகுப்பில் திணிக்கக் கூடாது என்ற பெற்றோரின் கவலையும் நியாயமே. அதற்கு மேல் இந்த நடுநிலைக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

எது விவாதத்துக்குரியது, எது நடந்து முடிந்த உண்மை என்று பிரித்துச் சொல்வது தலைமையின் வேலை. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை டெக்சஸின் சவுத்லேக்கில் பார்த்தோம். சர்ச்சைக்குரிய நடப்பு விவகாரங்களைப் பல கோணங்களில் பேசச் சொன்ன மாநிலச் சட்டம் 2021 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே அங்குள்ள கேரல் பள்ளி மாவட்டத்தின் பாடத்திட்ட அதிகாரி, யூத இனப்படுகொலை பற்றிய நூல் வகுப்பில் இருந்தால் எதிர்க்கருத்துள்ள நூலும் இருக்கட்டும் என்றார். 'நம்பர் த ஸ்டார்ஸ்' போன்ற நூலுக்குமா என்று கேட்டார் ஓர் ஆசிரியர். யூதச் சிறுமி ஒருத்தியைத் தோழியின் குடும்பம் நாஜிகளிடமிருந்து காப்பாற்றும் சிறுவர் நாவல் அது. அதற்கு எதிர்க்கருத்து என்றால் நாஜிகளின் தரப்பா?

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியானதும் மாவட்டக் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் படுகொலைக்கு இரு பக்கம் கிடையாது, வரலாற்று உண்மைகளுக்கு எதிர்க்கருத்து வைக்கச் சட்டம் சொல்லவும் இல்லை என்றார். நல்லது. இதைச் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுக்க என்ன தடை? அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. இனவெறிக்கு எதிரான ஒரு நூலை வகுப்பில் வைத்திருந்த நான்காம் வகுப்பு ஆசிரியர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. பள்ளி வாரியம் அதை 3-2 என்ற வாக்கில் தள்ளிவிட்டு அவரைக் கண்டித்தது. பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? மாவட்டத்தின் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு நூல்களுக்கு முன்னால் எச்சரிக்கை நாடாவைக் கட்டிவிட்டார், கொலை நடந்த வீட்டுக்குப் போலீஸ் கட்டுவதுபோல.

மேலே இருப்பவர் சாயாமல் நின்றதற்கான விலையைக் கீழே இருப்பவர் கொடுத்தார். பாடத்திட்ட அதிகாரியின் உளறல் என்று அந்தப் பேச்சை ஒதுக்குவோர் உண்டு. அவரும் பயந்துபோய்த்தான் அப்படிப் பேசினார் என்பது என் எண்ணம். தெளிவான உத்தரவு இல்லாத இடத்தில், வாரியக் கூட்டத்தில் உரக்கக் கத்துபவரே பாடத்திட்டம் எழுதுவார்.

பாராட்டுரை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: 'இவையெல்லாம் விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மைகள், புகார் வந்தால் முதலில் நான் பதில் சொல்கிறேன்' என்று நீங்கள் பாராட்டும் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று அவருடைய ஆசிரியர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.